நீலக் கோட்டில் யார் வந்தாலும்

திங்கட்கிழமை சாயங்காலம் நம்பியின் தலைமுடியில் பஞ்சு இருந்தது.

கமலினி அதை ஜெயபாய் வீட்டு வாசல் வெளிச்சத்தில் கிள்ளியெடுத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டிக்கொண்டு, ஊதினாலும் போகாமல் சுருண்டுகொள்ளும் வெள்ளைத் தூசி. ராஜபாளையத்தில் அவள் சூப்பர்வைசராக இருக்கும் பேண்டேஜ் கம்பெனியின் மடிப்புக் கூடத்தில் நாள் முழுக்க மிதக்கிற தூசி. அது அவளோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதில்லை. பிள்ளைக்கு இளைப்பு வந்துவிடக் கூடாதென்று, காலையில் கட்டிப் போகிற சேலையை லாக்கரில் வைத்துவிட்டுச் சுடிதாருக்கு மாறி, அதன்மேல் கம்பெனியின் நீலக் கோட்டும் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்வாள். கோட்டு கேட்டைத் தாண்டக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். ஐந்து மணிக்கு முகம் கைகால் கழுவி, மறுபடியும் சேலைக்கு மாறிய பிறகுதான் பஸ் ஏறுவாள். வேலைக்குத் திரும்பிய பத்து மாதத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

தவிர, வேலை விட்டு வந்து பிள்ளையை அவள் இன்னும் தூக்கவே இல்லை.

ஜெயபாய் அங்கன்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மூன்று பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறார். வலது கண்ணில் புரை விழுந்திருந்தாலும் வீட்டைத் துடைத்து வைப்பதில் குறை சொல்ல முடியாது. தலையணை ஏதாவது கிழிந்திருக்கும் என்று கமலினி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிள்ளையோடு நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தாள். குக்கர் வைத்து, நம்பிக்குப் பருப்புச் சோறு குழைத்து டப்பாவில் அடைத்து, ஓசூரில் வேலை பார்க்கும் புருஷன் வைகுந்துக்கு ஒரு செய்தி அனுப்பி, ஏழரைக்குப் பிள்ளையை ஜெயபாயிடம் விட்டு, ஏழு ஐம்பது பஸ் பிடித்து, எட்டரைக்குக் கூடத்தில் தன் மேசைக்கு வந்துவிட்டாள். அந்த மேசைக்கு ஒரு பழக்கம் உண்டு. லீவுக்கோ கேட் பாஸுக்கோ யார் வந்து நின்றாலும் கமலினி தலை நிமிர மாட்டாள். ஆள்காட்டி விரலை மட்டும் உயர்த்துவாள். இரு என்று அர்த்தம். வந்தவள் விரல் இறங்கும்வரை நிற்பாள்.

சாயங்காலம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சுவரில் சாய்ந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் தேங்கிய பால் கல்லாகக் கனத்தது. ஒரு நாளில் அவளுக்கென்று இருந்த ஒரே பொழுது இதுதான். மற்றதெல்லாம் பஸ்ஸுக்கும் கம்பெனிக்கும் அடுப்புக்கும் போய்விடும். நம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடியும் அணைத்தாள். அவன் அழவில்லை, சிணுங்கவில்லை. அவளைப் பார்க்காமலே ஆள்காட்டி விரலை உயர்த்தினான்.

கமலினிக்குச் சிரிப்பு வந்தது. போனில் பேசும்போது அவனிடம் தானும் இப்படித்தான் செய்கிறோம், பார்த்துப் பழகிவிட்டான். முத்தம் கொடுக்கக் குனிந்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவன் வாயில் பால் வாசனை. பாக்கெட் பால் இல்லை. தன்னுடையதும் இல்லை, அது எந்தத் தாய்க்கும் தெரியும். நாள்பட்டுக் கட்டிய பாலின் புளிப்பும், சலவைத் துணியின் பிளீச்சிங் நெடியும், எல்லாவற்றுக்கும் அடியில் காய்ச்சல்காரர் விடும் மூச்சைப் போன்ற ஒரு சூடும்.

புதன்கிழமை பிள்ளையை வாங்கும்போது, மதியம் இவனுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று ஜெயபாயிடம் கேட்டாள்.

“நான் என்னத்தக் குடுக்க?” ஜெயபாய் சிரித்தார். “நீதான பதினொன்னே முக்காலுக்கு வந்து பால் குடுத்துட்டுப் போற. அம்புட்டையும் குடிச்சிட்டு, பொறவு சோத்த வாயிலயே வைக்க மாட்டேங்கான்.”

வாசலில் யாருடைய சைக்கிளோ போனது. கமலினி மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு வாரமாக நடக்கிறதாம். நீலக் கோட்டு, தொப்பி, மாஸ்க். பேச்சு கிடையாது. நேராக உள்ளறைக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் எடுத்துக்கொள்ளுமாம். கம்பெனியில் புதிதாக நேரம் விட்டிருக்கிறார்கள் போல என்று ஜெயபாய் நினைத்திருக்கிறார்.

“ஒடம்புக்குச் சொகமில்லையாட்டி? நேத்து ஒன் கை கொதிச்சதே.”

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஜெயபாய் மிரண்டு, நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவராதே என்பார். விடுவதற்கு வேறு வீடு இல்லை. அதனால் இவ்வளவுதான் சொன்னாள்.

“ஆயாம்மா, நாளையிலிருந்து நீலக் கோட்டுல யார் வந்தாலும் திறக்காதீங்க. நானே நின்னு கெஞ்சினாலும் திறக்காதீங்க.”

போகிற வழியில் புதுப் பூட்டு ஒன்று வாங்கித் திரும்பி வந்து, கிரில் கேட்டுக்குப் போடச் சொல்லிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை லீவு போட முடியாது. கன்டெய்னர் சனிக்கிழமை தூத்துக்குடி போக வேண்டும். யாருக்கும் லீவு கிடையாது என்று அறிவிப்பு எழுதி ஒட்டியவளே அவள்தான். பதினொரு மணிக்குக் கிளம்பினால் போதும், யார் வருகிறாள் என்று நேரில் பார்த்துவிடலாம். பஸ் ஜன்னலில் பங்குனி வெயில் ஏழு ஐம்பதுக்கே சுட்டது. யார் என்று பார்க்க வேண்டியதே இல்லை என்பது மடவார்வளாகம் கோயிலைத் தாண்டும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முனீஸ்வரி. கூமாப்பட்டிக்காரி. கோட்டு நம்பர் இருபத்தேழு. கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, ஐந்து மாதப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். பதினொன்று பத்துக்கு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு வர அவளுக்குக் கேட் பாஸ் உண்டு. போன ஆடியில் ஒருநாள், இதேபோல ஒரு கன்டெய்னர் அவசரத்தில், அவள் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். கமலினி விரலை உயர்த்தினாள். இந்த லாட் முடியட்டும். வேலை நேரத்தில் எல்லாருடைய போனும் கமலினியின் மேசை டிராயரில்தான் இருக்கும். அதில் ஒன்று அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினொரு தடவை. ஒன்று நாற்பதுக்குக் கமலினி கையெழுத்துப் போட்டாள். வலிப்பு வந்த பிள்ளை அதற்கு முன்பே அடங்கிவிட்டது.

தொழிலாளி அவசரத்தை முறையாகத் தெரிவிக்கவில்லை என்று கமலினி அறிக்கை எழுதினாள்.

முனீஸ்வரி ஐந்தாம் நாளே வேலைக்கு வந்தாள். பாலைப் பீய்ச்சி விடச் சொன்ன பெண்களிடம், அது அவனுடையது, ஊற்ற மாட்டேன் என்றாளாம். கோட்டின் நெஞ்சில் இரண்டு ஈர வட்டங்களோடு துணி மடித்தாள். தினமும் ஒருதடவை மேசைக்கு வந்து ஒரே கேள்வியைக் கேட்டாள்.

“ஒங்க புள்ள பால் குடிக்கானாக்கா?”

“குடிக்கான்.”

“எத்தன மணிக்கு?”

பத்து நாள் வந்தாள். பால் கட்டிச் சீழ் வைத்து, காய்ச்சல் தலைக்கேறி, பதினோராம் நாள் செத்துப்போனாள். அவள் கோட்டை யாரும் திருப்பி ஒப்படைக்கவில்லை.

பதினொரு மணி. கமலினி எழுந்தாள். எண்பது பெட்டிகளில் ஒன்று ஈரமாக இருக்கிறது என்று ஒருத்தி வந்து நின்றாள். கமலினி உட்கார்ந்தாள். இந்த லாட் முடியட்டும். ஈரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டியைப் பிரித்து, மாற்றி, ஒட்டி, நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தபோது பதினொன்று நாற்பத்தேழு.

டிராயரைத் திறந்து தன் போனை எடுத்தாள். ஜெயபாய் உடனே எடுத்தார்.

“நீதான் உள்ள இருக்கியே தாயீ. பொறவு எதுக்குப் போன் போடுத?”

“திறந்தீங்களா? கோட்டுல யார் வந்தாலும் திறக்காதீங்கன்னு சொன்னேனே.”

“கோட்டுல வந்தாத் திறப்பனா? நீ பச்சச் சேலையில வந்த. காலைல கட்டியிருந்தியே, அதே சேல.”

ஜெயபாயின் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டது. நிதானமான, நிறைவான சத்தம். ஒரு பிள்ளை விழுங்குகிற சத்தம்.

லாக்கருக்கு ஓடினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தாள். பச்சைச் சேலை இல்லை. சேலை இருந்த இடத்தில், சேலை மடித்திருந்த அதே மடிப்பில், ஒரு நீலக் கோட்டு. காலரில் இருபத்தேழு. தொட்டாள். நெஞ்சுப் பக்கம் ஈரம். வெதுவெதுப்பாக. பையில் ஒரு கேட் பாஸ் சீட்டு, கமலினியின் கையெழுத்தில். பெயர் முனீஸ்வரி. காரணம் குழந்தைக்குப் பால். நேரம் ஒன்று நாற்பது.

கேட்டில் காவலுக்கு இருந்த சுப்புராஜ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“பதினொன்னு பத்துக்கே வெளிய போனீங்களே மேடம்? எப்ப உள்ள வந்தீங்க?”

போட்டிருந்த நீலக் கோட்டோடே ரோட்டில் நின்று ஆட்டோ பிடித்தாள். தொப்பி, மாஸ்க் எதையும் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. வெயிலில் ரோடு நெளிந்தது. தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிந்தது. எவ்வளவு ஓடினாலும் அது அதே அளவில் நின்றது. மூன்று நாளாகப் பிள்ளை தொடாத பால் நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. ஒவ்வொரு குழியிலும் பற்களைக் கடித்துக்கொண்டாள். பாதி வழியில் குனிந்து பார்த்தாள். கோட்டில் இரண்டு ஈர வட்டங்கள்.

கிரில் கேட். புதுப் பூட்டு. அவள் வாங்கிக் கொடுத்தது.

கம்பியைப் பிடித்து உலுக்கினாள். ஜெயபாய் ஓடிவந்து, நான்கடி தள்ளியே நின்றுவிட்டார்.

“ஏட்டி, யாரு நீ?”

“ஆயாம்மா, நான் கமலினி. திறங்க.”

“கமலினி உள்ள புள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டு இருக்கா. நீ வருவேன்னு சொல்லித்தான் வச்சிருக்கா. கெஞ்சினாலும் திறக்காதேன்னு சொல்லியிருக்கா.”

மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தாள். தொப்பியை எறிந்தாள். முகத்தைக் கம்பியில் அழுத்தினாள். ஜெயபாய் புரை விழாத கண்ணால் அந்த முகத்தைப் பார்த்தார். திரும்பி உள்ளறையைப் பார்த்தார். மறுபடியும் இந்த முகத்தை. கழுத்துச் சிலுவையை இறுகப் பற்றிக்கொண்டு, பின்னாலேயே நடந்து, சுவரில் இடித்து நின்றார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது.

பச்சைச் சேலை. வாசலுக்கு முதுகு. ஈரக் கூந்தல், அதில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. முழங்கைக்குக் கீழே நம்பியின் பாதம். பால் குடிக்கும்போது ஆட்டுவானே, அப்படியே ஆட்டிக்கொண்டிருந்தான்.

“நம்பி!”

பாதம் நின்றது. அவன் தலை மெல்ல முழங்கைக்கு மேலே வந்தது. வாயோரம் வழிந்தது வெள்ளையாக இல்லை. அவளைப் பார்த்தான். தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“அம்மா,” என்றான். அவளிடம் அல்ல. மறுபடியும் முகத்தை உள்ளே புதைத்துக்கொண்டான்.

விழுங்குகிற சத்தம்.

பச்சைச் சேலை திரும்பவில்லை. தலை நிமிரவில்லை. வலது கை மட்டும் தோளுக்கு மேலே எழுந்தது. ஆள்காட்டி விரல், நேராக, அசையாமல்.

இரு.

கமலினி கம்பியைப் பிடித்தபடி நின்றாள். விரல் இறங்கவில்லை.