கௌபாய் கூட்டத்தில் ஒருத்தி

சிரிக்கும் கூட்டத்தில் ரினி நின்றிருந்தாள்.

நூறு வருடத்துக்கு முந்தைய பேசாப் படம். தொப்பையும் தொங்குமீசையுமாக ஒரு கௌபாய், ஒவ்வொரு பாகத்திலும் குதிரையிலிருந்து விழுவான். ஊரே வாயைப் பிளந்து சிரிக்கும், சத்தமே வராது. அந்தப் படச்சுருள்களைக் கணினியில் ஏற்றி, ஃபிரேம் ஃபிரேமாகத் தூசியும் கீறலும் துடைப்பதுதான் வளைகுடா நகரத்தின் சத்வா பகுதியில் சுபிஷாவின் வேலை. ஜன்னலில்லாத அறை, ஏசியின் உறுமல், ஃபிலிம் டப்பாக்களிலிருந்து கசியும் புளித்த வாடை, பட்டப்பகலிலும் திரை வெளிச்சத்தைத் தவிர எல்லாம் இருட்டு. பக்கத்து நாற்காலிக்காரி ரினி காய்ச்சலோடு இரண்டு தெரு தள்ளி, இருவரும் தங்கும் ரூமில் படுத்திருக்கிறாள்.

இங்கே, திரையில், தொப்பிகளுக்கு நடுவே, காலையில் பார்த்த அதே பூப்போட்ட நைட்டியில், அவள் மட்டும் சிரிக்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதப் பாருங்க."

சூப்பர்வைசர் ஜெயசீலன் குனிந்தார். "அடுத்த ஃபிரேம்ல இருக்கா?"

"இல்ல."

"ஒத்த ஃபிரேம்ல மட்டும் இருந்தா அழுக்கு. துடை. இதுகூடத் தெரியாம என்னத்த டிகிரி வாங்கின?"

"அது ரினி, சார்."

"அஞ்சு மணிக்குள்ள ரீல் போகலன்னா ரெண்டு பேருக்கும் விசா கேன்சல். பாஸ்போர்ட் என் டிராயர்லதான் கிடக்கு. யல்லா, சீக்கிரம்."

துடைப்பது என்றால், அடுத்த ஃபிரேமில் அந்த இடத்தில் இருப்பதை எடுத்து இதன் மேல் ஒட்டுவது. கையிலிருந்து ஆரம்பித்தாள். ரினியின் வலது கைமேல் பின்னாலிருந்த பலகைச் சுவர் ஏறியது.

ஃபோன் அதிர்ந்தது. ரினியின் வாய்ஸ் மெசேஜ்.

"எட்டி சுபிஷா, வலது கை மரத்துப் போச்சுட்டி. கட்ட மாதிரி கிடக்கு. வரும்போ தைலம் வாங்கிட்டு வா."

காய்ச்சல் என்றால் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள். இன்னொரு கையையும் கால்களையும் துடைத்தாள்.

"எட்டி, எழும்ப முடியல. காலக் காணல. விளையாட்டில்லட்டி, ஓடி வா."

தெரிந்துவிட்டது. நன்றாகத் தெரிந்துவிட்டது. மணி நாலே முக்கால். ஊருக்குத் திரும்பி எந்த முகத்தோடு நிற்பது? அவளுக்குக் காய்ச்சல் வந்ததற்கு நான் ஏன் ஊருக்குப் போகணும்?

முகம் மட்டும் மிச்சம்.

மூடியிருந்த வாய் இப்போது திறந்திருந்தது. ஃபோன் அடித்தது. கவிழ்த்து வைத்தாள். அடுத்த ஃபிரேமில் அந்த இடத்தில், கூட்டத்து மீசைக்காரன் ஒருவனின் சிரிப்பு. எடுத்தாள். ஒட்டினாள்.

ஃபோன் நின்றது.

"அச்சா," என்றார் ஜெயசீலன்.

வெயிலில் ரூமுக்கு ஓடினாள். படிகள். கதவு. தாழ்ப்பாள் போடவில்லை.

"ரினி?"

கீழ்க்கட்டிலில் நைட்டி உட்கார்ந்திருந்தது. கைகளுக்குப் பதில் சாம்பல் நிறப் பலகை. கழுத்துக்கு மேல், கீறலோ தூசியோ இல்லாமல், மீசை. பிளந்த வாய். சத்தமில்லாத சிரிப்பு.

அந்த வாய்க்குள், தொண்டைக்கும் அடியில், ரினியின் கண்கள் சிமிட்டிக்கொண்டிருந்தன.