கழற்றிய விளக்கு

பகல் பன்னிரண்டு மணிக்குச் சோதனை அறையைத் திறந்தேன். வண்டிகளிலிருந்து கழற்றும் கூடுதல் விளக்குகளை பேட்டரியில் மாட்டி, எதிர்ச்சுவரில் அடித்துப் பார்த்து, எரிகிறது என்று எழுத வேண்டும். போக்குவரத்துப் போலீசில் ஏட்டான எனக்கு அதுதான் வேலை. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருப்போம். உள்ளே துருவும் கருகிய ஒயரும் கலந்த வாடை.

அன்று மேசையில் இருந்தது ஒரு தனியார் பேருந்தின் விளக்கு. போன மாதம் அந்தப் பாழாய்ப்போன வெளிச்சத்தில் கண் கூசித்தான் என் தம்பி சைக்கிளோடு சக்கரத்தில் சிக்கிச் செத்தான். இருக்கிற ஒரே சாட்சி இந்த விளக்கு. இது போனால் வழக்கும் போச்சு.

இன்ஸ்பெக்டர் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"பஸ் முதலாளி வாசல்ல காத்திருக்காரு. எரியலன்னு எழுதிக் குடுத்துடுங்க ஏட்டம்மா."

"எரியுதே சார்."

"அடம் பிடிக்காதீங்க. மேல இருந்து போன் வந்திருக்கு."

"எங்கிருந்து வந்தா எனக்கென்ன? போட்டே காட்டறேன், கண்ணால பாருங்க."

ஒயரை மாட்டினேன். சுவர் பளீரென்று வெளுத்தது.

அதில் ஒரு நிழல்.

கையால் கண்ணை மறைத்தபடி நின்றது.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஆளே இல்லை. ஒரு பக்கம் இறங்கிய அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யா... யாரு அது?" இன்ஸ்பெக்டர் கிசுகிசுத்தார்.

"என் தம்பி சார். எரியலன்னு அவன்கிட்டயே சொல்லுங்க."

அவர் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினார். விளக்கு அணைந்தது.

நிழல் போகவில்லை.

இருட்டைவிடக் கறுப்பாக, அதே சுவரில். கையை மெல்ல இறக்கி, அவர் பக்கம் முகத்தைத் திருப்பியது.

"எழுதுங்க... எரியுதுன்னே எழுதித் தொலைங்க!" அவருக்குப் பல் தந்தியடித்தது. நான் கதவைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். பாதிப் பெயர்தான் வந்தது.

வாசலில் ஹாரன் அலறியது. எட்டிப் பார்த்தேன். முதலாளி தன்னுடைய இன்னொரு பேருந்தில் வந்திருந்தார். அதிலும் அதே விளக்குகள், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. என்ன கொழுப்பு!

ஸ்பேனரை எடுத்தேன்.

"வர்றீங்களா சார்?"

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"சரி, நீ வாடா," என்றேன் சுவரைப் பார்த்து.

படியில் உச்சி வெயில். என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொரு நிழல், நீளமாக, எனக்கு முன்னால் பேருந்தை நோக்கி நடந்தது.