புடாபெஸ்டுக்கு ஒரு பிணைக்கைதி

அலறியது கைபேசி!

பிரதீபா மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே அதைக் காதில் வைத்தாள்.

திரையில் டனியூப் நதி மினுங்கியது. புடாபெஸ்ட் நகரின் பழைய பாலத்துக்குக் கீழே அந்தி நேரப் படகு... இருவருக்கு ஒரு மேசை... மெழுகுதிரி! கல்யாணமாகி இருபது வருடம். கணவன் ஜனார்த்தனோடு தனியே போகும் முதல் பயணம்.

பக்கத்தில் சிநேகிதி கிளடிஸ். படகு தெரிவுசெய்ய உதவிக்கு வந்தவள்.

"ஹலோ?"

"உன்ர மனுசன் எங்கட கையில!"

கரகரத்த ஆண் குரல்.

கனடாவின் பிக்கரிங் நகர வீட்டுக் குசினி அடுப்போடு சேர்ந்து ஒருமுறை சுழன்றது. ஜனார்த்தன் காலை எட்டு மணிக்குப் பால் வாங்கப் போனவன். இப்போது பதினொன்று!

"ஐயோ! அவரை என்ன செய்தனீங்கள்?"

"கதிரையில கட்டி வச்சிருக்கிறம். மிச்சத்தைச் செய்ய வைக்காதை!"

"எவ்வளவு வேணும்?"

"காசு வேண்டாம்."

"பின்ன?"

"புடாபெஸ்ட் ரிக்கெற்றைக் கான்சல் பண்ணு!"

ரிக்கெற்றோ?!

கிளடிஸுக்கும் கேட்கட்டும் என்று பிரதீபா ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"ஏன் கான்சல் பண்ணோணும்?"

"கேள்வி கேக்காதை! செப்ரெம்பர் பதினாலு உன்ர மனுசன் ரொறன்ரோவில நிக்கோணும். விளங்குதே அக்கா?"

அக்கா?!

அதே நொடி, குரலுக்குப் பின்னால் ஒரு ஒலிவாங்கி கீச்சிட்டது.

"ஹலோ... மைக் ரெஸ்ரிங்... பழைய மாணவர் சங்கத் தலைவர் வேட்பாளர் ஜனார்த்தன் அண்ணை மேடைக்கு வரவும்!"

செப்டெம்பர் பதினான்கு... சங்கத் தேர்தல்!

நயாகராத் தேனிலவு சங்கத்தின் இராப்போசன விருந்தில் போனது. பத்தாவது ஆண்டுப் பயணம் சங்கத்தின் கிரிக்கெட்டில் போனது. இப்போது இது!

பிரதீபாவின் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள்.

கிளடிஸ் மெல்ல எழுந்தாள். முகம் சிவந்திருந்தது.

"பிரதீபா... உது என்ர மனுசன்ர குரல்!"



"பஸ்ரியன்!" என்றாள் பிரதீபா. "வாயில இருக்கிற லேஞ்சித் துணியை எடுத்துப்போட்டுக் கதையும்!"

"அக்கா... அண்ணைதான் சொன்னவர். உங்களிட்ட நேர சொல்லப் பயமாம்..."

"ஆளைக் கட்டியோ வச்சிருக்கிறீர்?"

"இல்லையக்கா... ரோல்ஸ் சாப்பிடுறார்."

"வடிவாச் சாப்பிடட்டும். கான்சல் பண்ணுறன்."

தூரத்தில் ஜனார்த்தனின் குரல் துள்ளியது. "பண்ணுறாவாமோ? வெற்றி!"

"அவற்ற ரிக்கெற்றை மட்டும்!"

டக்! பிரதீபா விசையைத் தட்டினாள். துள்ளல் அடங்கியது.

கிளடிஸ் கைபேசிக்குக் குனிந்தாள். தேன் சொட்டும் குரல்.

"இஞ்சருங்கோ பஸ்ரியன்... என்ர பாஸ்போட்டை எந்த மேசை லாச்சியில வச்சனீங்கள்?"

"எ... ஏன் கிளடிஸ்?"

"டனியூப் ஆத்தில படகு ஓடப் போறன். பிரதீபாவோட. பன்ரெண்டு நாள்!"

தடதடவென்று ஏதோ கவிழ்ந்தது. கைபேசி கைமாறியது.

"பிரதீபா! நான்தான்! கட்டை அவிட்டுக்கொண்டு தப்பிட்டன்! இந்தா, இப்பவே வீட்டை வாறன்!"

பிரதீபா இரண்டாவது ஆசனத்துக்குக் கிளடிஸின் பெயரை நிதானமாகத் தட்டச்சினாள்.

"வந்திடாதேங்கோ! கடத்தினவனைக்கூட மன்னிச்சிடுவன்... தப்பி வாறவரைத்தான் பொலிசில பிடிச்சுக் குடுப்பன்!"