பச்சையாய் விழுந்த இலைகள்

வலைப்பைக்குள் கிடந்த இலைகள் பச்சையாக இருந்தன. அகிலாண்டம் இரண்டை எடுத்து விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். அப்போதுதான் பறித்த வெற்றிலையைப் போலக் குளிர்ந்து, கனமாக இருந்தன. பக்கத்து மரங்களின் பைகளிலெல்லாம் வழக்கம்போல மஞ்சள் இலைகள்தான், ஊதினால் பறக்கும்.

பிச்சாவரத்தில், மரம் வெட்டி வெட்டி உப்புப் பூத்துப்போன பொட்டலில், சுனாமிக்குப் பிறகு வாய்க்கால் வெட்டிக் கடல்தண்ணீரை உள்ளே விட்டு வளர்த்த காடு அது. சுரபுன்னை விதைகளைச் சேற்றில் குத்தி நட்ட பெண்களில் அவளும் ஒருத்தி. இப்போது மரங்களுக்கடியில் கட்டியிருக்கும் பைகளிலிருந்து உதிர்ந்த இலைகளைச் சேகரித்து, சிதம்பரத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி பிரீதாவிடம் கொடுப்பது அவள் வேலை.

“இது சரியான கஞ்ச மரம்க்கா,” என்று பிரீதா முன்பே சொல்லியிருந்தாள். “சேத்துல சத்து கம்மி. அதனால இலைய விடறதுக்கு முன்னாடி அதுல இருக்குறத பூரா திரும்ப உறிஞ்சிக்கும். கீழ விழறது வெறும் சக்கை.”

பச்சை இலைகளைக் காட்டியபோது பிரீதா சிரித்தாள். “இந்த ஒண்ணுக்கு மட்டும் அடியில தீனி ஜாஸ்தி போல. எதுனா செத்துக் கெடக்கும். சத்த மிச்சம் புடிச்சு வைக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து?”

சொன்னவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அகிலாண்டத்துக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவள் மகன் பரணியை அலை கொண்டுபோனது இந்தப் பக்கம்தான். ஆறு வயது. ஊரில் மற்றவர்களின் பிள்ளைகள் ஏதோ ஒரு கோலத்திலாவது கிடைத்தார்கள், அவன் மட்டும் கிடைக்கவில்லை. புருஷன் தேவநாதன் பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையைப் புதைத்துக் காரியத்தை முடித்துவிட்டான். அவளால் முடியவில்லை. ஒரே ஒருமுறை பிள்ளையின் முகத்தைத் துடைத்து, தன் கையால் மண்ணில் கிடத்த வேண்டும். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை மார்கழிப் பனிக்குள் தேவநாதன் அவளைப் படகில் ஏற்றிக் கோலால் தள்ளிக்கொண்டு போனான். கோல் சேற்றில் குத்தி எழும் சத்தமும், வேர்களுக்கிடையில் நண்டுகள் எதையோ கத்தரிக்கும் சத்தமும், கிள்ளை ஊர்ப் பக்கமிருந்து நைந்து வந்த கோயில் ஒலிபெருக்கிப் பாட்டும் பனிக்குள் ஒன்றாய்க் குழம்பி, எது கிட்டத்தில் எது தூரத்தில் என்று தெரியாமல் அவளைச் சுற்றி வந்தன. அந்த மரத்தை நெருங்கியதும் எல்லாம் நின்றன. சேற்றின் அழுகல் வாடைகூட இல்லை. தேங்காயெண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை. விளையாடிவிட்டு வரும் பிள்ளையின் தலைவாடை.

அவள் இறங்கினாள்.

“அங்க எதுக்கு எறங்குற? பைய அவுத்துக்கிட்டு வா, தண்ணி ஏறுது.”

“இங்கதாங்க இருக்கான்.”

கோல் நின்றது. “ஏழு வருசமாச்சு, அகிலா,” என்றான் தேவநாதன். “எலும்புகூட மிஞ்சியிருக்காது. வந்துடும்மா.”

அவள் வேர்களுக்கிடையில் மண்டியிட்டுக் கையைச் சேற்றுக்குள் விட்டாள். முழங்கைவரை. குளிர். ஒரு வேர். இன்னொரு வேர்.

பிறகு வெதுவெதுப்பு.

விரல்கள். சின்ன விரல்கள். நகம்கூடக் கெடவில்லை.

அவை அவளுடைய ஆள்காட்டி விரலைப் பற்றின.

“பரணி,” என்றாள். கண்ணீர் முகமெல்லாம் வழிந்தது. இழுத்தாள். வரவில்லை. கீழிருந்து அது இழுத்தது. மெல்ல.

பின்னால் தேவநாதன் தண்ணீரில் குதிக்கும் சத்தம். அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பனியில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. தண்ணீர் அவள் மார்புக்கு ஏறிவிட்டது. விரலை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். பிடி அப்படியொன்றும் இறுக்கமில்லை. பெற்றவள் எப்படி உருவுவாள்? அடியில் கை கொடுத்துத் தூக்கிவிடலாம் என்று மற்றக் கையையும் உள்ளே விட்டாள்.

அதையும் ஒரு கை பிடித்தது. அவள் மணிக்கட்டை முழுவதுமாக மூடிக்கொண்டது.

அது பிள்ளையின் கை அல்ல.