சம்பந்திக்கென்று ஒரு வாசல்

மின்னஞ்சலைக் காவல் காக்கும் வாயிற்பொறி சொன்ன சேதியில் ஆவுடையப்ப பிள்ளையின் காப்பி ஆறிப்போனது.

"ஐயா, மெத்தைக் கடை விளம்பரம் ஒன்று. முத்திரை சரி, அனுப்பியது அந்தக் கடைதான். ஆனால் வந்த வழி, உங்கள் சம்பந்திக்கு மட்டும் நீங்கள் கொடுத்த முகவரி."

ஒருவருக்கு ஒரே மின்முகவரி என்ற காலம் மலையேறிவிட்டது. பால்காரருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, மைத்துனருக்கு ஒன்று என ஆளுக்கொரு நிழல்முகவரி. எல்லாம் வந்து விழுவது ஒரே பெட்டியில். வாயிற்பொறி மடலில் எழுதிய பெயரை நம்பாது. அனுப்பிய இடத்தின் மறைமுத்திரையைச் சோதித்த பிறகே உள்ளே விடும். அன்னியன் வந்தால் எந்த வழியாக வந்தான் என்றும் சொல்லிவிடும். அதனால் கொடுத்த முகவரியைக் காப்பது குடும்ப மானமாயிற்று. கல்யாணங்களில் சம்பந்திகள் வெள்ளித் தகட்டில் முகவரியைப் பொறித்து, வெற்றிலைத் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டார்கள். அந்த வழியே வராத அழைப்பு அழைப்பே அல்ல.

"மனுஷன் நம்ம மானத்தக் கடைத்தெருவுல விட்டுட்டாரே! அடை அந்த வாசல" என்றார் பிள்ளை.

"சம்பந்தி வாசலையா?" மனைவி வடிவம்மாள் பதறினாள். "வளைகாப்புக்கு நாள் குறிச்சு அனுப்புத நேரம். ஒரு வார்த்த கேட்டா வாயில உள்ள முத்து உதிர்ந்துருமாக்கும்?"

"நாம ஏன் கேக்கணும்? அடைன்னா அடை."

இரண்டு நாள் கழித்து மகள் கோமதி தொலைபேசியில் அழைத்தாள்.

"யப்பா, மாமா அனுப்புன வளைகாப்பு அழைப்பு திரும்பி வந்துட்டு. வாசல் மூடியாச்சுன்னு. நீங்க வராம நான் எப்படிப்பா வளையல் போடுவேன்?"

"மெத்தைக் கடைக்காரனுக்கு என் முகவரியக் குடுத்தாரே, அவர்கிட்டக் கேளு."

"மெத்தையா? அது மாமாவுக்கும் தினம் வருது, உங்களுக்குக் குடுத்த முகவரியில! கல்யாணத்துல ரெண்டு பேரும் தகட்டப் பிடிச்சுட்டு நின்னீயள்லா, அந்தப் படத்த ஊரு பூரா அனுப்புனது யாரு?"

பிள்ளை சுவரைப் பார்த்தார். சட்டமிட்ட படத்தில் இரண்டு முகவரிகளும் பளிச்சென்று தெரிந்தன. எழுத்து மங்கலாக இருக்கிறதென்று புகைப்படக்காரரை அதட்டி மறுபடி எடுக்கவைத்தவரும் அவர்தான்.

"அப்ப அவரு ஏன் அடைக்கல?"

"அடைச்சா நம்ம சம்பந்தி அண்ணாச்சி எந்த வழியா வருவாருன்னு கேக்காரு. தினம் விடிஞ்சதும் உக்காந்து ஒவ்வொண்ணாக் கையால அழிக்காரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வேற."

பிள்ளை பொறியின் பக்கம் திரும்பினார். "வாசலத் திற."

"ஐயா, அது கசிந்த முகவரி. கண்ட மடலும் நுழையும். புதியது ஆக்கித் தரட்டுமா?" என்றது பொறி.

"வெள்ளியில பொறிச்சத மாத்துற வழக்கம் இந்த வீட்டுல கிடையாது. திறடே."

முதலில் மெத்தை வந்தது. பிறகு மூட்டுவலித் தைலம். அதன் பின்னால் அழைப்பு. வேட்டியைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்றே படித்தார்.

மறுநாள் முதல் பொறி சும்மா இருந்தது. பிள்ளை திரைமுன் உட்கார்ந்து, அந்த வாசலில் வரும் அன்னியரையெல்லாம் ஒவ்வொருவராகத் திட்டி விரட்டினார். அதே வேளையில் சம்பந்தியும் தன் ஊரில் அதையே செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பில் அவருக்கு ஒரு தெம்பு.

வடிவம்மாள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அத அழிச்சிராதீய. பேறுகாலத்துக்கு நம்ம கோமதி வாராள்லா... அந்த மெத்த என்ன வெல போட்டிருக்கான்?"