தயங்காத சாட்சி

ஏழு சட்டமன்ற உறுப்பினர்களும் அரைவட்டமாக உட்கார்ந்து நறுமுகையைப் பார்த்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். கடைசி நாற்காலிக்காரர் கொட்டாவி விட்டார். ஏழு பேருமே நிழலுருக்கள். அசல் உறுப்பினர்கள் அந்த நேரத்தில் அவரவர் தொகுதியில் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ போயிருப்பார்கள். அவர்கள் அவையில் இதுவரை பேசியதையெல்லாம் ஊட்டி வளர்த்து, ஒத்திகைப்பொறி இவர்களை உண்டாக்கியிருந்தது.

"மூன்றாம் டேங்கில் கசிவு வரப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?" என்று கேட்டார் நடுவில் இருந்த தலைவர்.

"தெரியாது," என்றாள் நறுமுகை.

அவள் முன்னால் இருந்த விளக்கு சிவந்தது.

"மறுபடியும் தயங்கிட்டீங்க மேடம்," என்றார் பிரபுதாஸ். நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். குரலில் கோபமே இருக்காது. பல் பிடுங்கும் டாக்டர் மாதிரி எப்போதும் ஆறுதலாகவே பேசுவார்.

சட்டமன்ற விசாரணைக் குழுக்களுக்குத் தயக்கமானி வந்ததிலிருந்து ஊர் உலகமே மாறிப்போயிருந்தது. சாட்சி எதையாவது மறைத்தால், குரலிலும் விழியிலும் தோலிலும் ஏற்படும் தயக்கத்தை அந்தக் கருவி கண்டுபிடித்துவிடும். தெரிந்ததை மறைத்தால் சாட்சிக்குச் சிறை, நிறுவனத்தின் உரிமமும் ரத்து. ஆனால் மறந்துபோவது குற்றமில்லை. மறதியைக் குற்றமாக்கினால் முதலில் மாட்டப்போவது யார் என்று சட்டம் போட்டவர்களுக்குத் தெரியாதா என்ன!

எழுதி வைத்த எதையும் குழு கேட்டு வாங்கலாம் என்பதால் நிறுவனங்கள் எழுதுவதையே விட்டிருந்தன. கப்பல்களுக்கு அம்மோனியா எரிபொருள் தயாரிக்கும் இந்த நிறுவனத்தில் யாரும் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்புவதில்லை. உத்தரவு, எச்சரிக்கை, காரணம் எல்லாமே வாய்வார்த்தைதான். எல்லாம் ஆட்களின் தலைக்குள் இருந்தது.

நறுமுகையின் தலைக்குள் ஒரு போன் பேச்சு இருந்தது. அவள் ஆலையின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி. கசிவு நடந்த அன்று காலையில் நிர்வாக இயக்குநர் தியாகேசனை அழைத்திருந்தாள்.

"சார், மூணாம் டேங்கை நிறுத்தியே ஆகணும். உச்சிவெயில்ல வால்வு முழுசா மூடமாட்டேங்குது. பேனல் மட்டும் மூடிட்டதா காட்டுது. ஆப்பரேட்டர் இருதயராஜ் அண்ணன் ரெண்டு நாளா கவனிச்சு இப்பத்தான் கண்டுபிடிச்சுச் சொன்னாரு."

"கப்பல் வந்து நிக்குதும்மா. சாயந்திரம் பார்ப்போம்."

இருதயராஜுக்குச் சாயந்திரம் வரவில்லை. உச்சிவெயிலில் கசிவு வந்ததும் வால்வைக் கையால் மூட உள்ளே போனவர் திரும்பவில்லை. பிறகு வந்த நிபுணர்கள் காலைக் குளிர்ச்சியில் சோதித்துப் பார்த்துவிட்டு, வால்வு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

"நான் பொய் சொல்லச் சொல்லலையே மேடம்," என்றார் பிரபுதாஸ். "பொய்யை மானி பிடிச்சிடும். நினைவில்லைங்கிறதையே உண்மையாக்கிக்கிட்டா போதும்."

அதற்குத்தான் இளக்கி. நெற்றியில் கட்டும் மெல்லிய பட்டை. ஒரு நினைவைத் தொடும்போதெல்லாம் அது கொஞ்சம் இளகுகிறது, பிறகுதான் மறுபடி இறுகுகிறது. இளகியிருக்கும் நேரத்தில் 'தெரியாது' என்று சொல்லவைத்தால் நினைவு அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். நிழலுருக்கள் கேட்கக் கேட்க, அவள் சொல்லச் சொல்ல, வலியே இல்லாமல் நடந்துவிடும்.

"இருதயராஜ் அண்ணன் கடைசியா என்கிட்டதான் சார் பேசினாரு. அதுவும் போயிடுமா?"

"ஒரே ஒரு போன் கால் மேடம். அது போகலைன்னா ஆலை போயிடும். அவரு சம்சாரம் சலேத்துக்கு நம்ம கேன்டீன்லதான வேலை போட்டுக் கொடுத்திருக்கோம்? யோசிச்சுப் பாருங்க. எம்.டி. சாரே கட்டிக்கிறாரு. நானும் கட்டிக்கிறேன், ஆலோசகரையும் கூப்பிடுவாங்க இல்லையா."

நறுமுகை வெகுநேரம் யோசித்தாள். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் பொய்யே சொல்லிப் பார்த்திருப்பாள். சலேத்தின் முகத்தை நினைத்துக்கொண்டு பட்டையைக் கட்டிக்கொண்டாள்.

முதலில் தியாகேசனின் குரல் போயிற்று. அதோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் செடியைப் பிடுங்கினால் வேரோடு மண்ணும் சேர்ந்துதானே வரும். ஏன் போன் செய்தோம் என்பது போயிற்று. யார் வந்து என்ன சொன்னார் என்பது போயிற்று. வெயில், வால்வு, பேனல் என்று அந்தக் காலையே மெல்ல மெல்லக் கரைந்தது. போய்க்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவும் இல்லை. இல்லாததை எப்படித் தேடுவது?

ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"தினமும் சோத்துல கையை வச்சதும் அழுவியே. இன்னிக்கு அழலை?"

"நானா? எதுக்கு அழணும்?" என்று கேட்டாள் நறுமுகை.

அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்து அவனுக்குத்தான் பயமாக இருந்தது.

அசல் விசாரணையில் ஏழு உறுப்பினர்களும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் அதே கேள்வியை அதே சொற்களில் கேட்டார். கடைசி நாற்காலிக்காரர் அதே இடத்தில் கொட்டாவி விட்டார். யார் யாருடைய நிழல் என்று நறுமுகைக்கு ஒரு கணம் குழம்பியது.

"தெரியாது," என்றாள்.

விளக்கு பச்சையாக எரிந்தது. தியாகேசனுக்கும் பச்சை. போர்மேன்களுக்கும் பொறியாளர்களுக்கும் பச்சை. இத்தனை நேர்மையான நிறுவனத்தைத் தன் பொதுவாழ்வில் கண்டதில்லை என்று தலைவர் மனமுருகிப் பாராட்டினார். ஆலையைத் திறக்கலாம் என்று குழு ஒருமனதாகப் பரிந்துரைத்தது.

வெளியே வராந்தாவில் சலேத் காத்திருந்தாள்.

"அவரு உள்ள போறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான மேடம் பேசிக்கிட்டிருந்தாரு. என்ன சொன்னாரு?"

நறுமுகை தேடினாள். உண்மையிலேயே, உயிரைக் கொடுத்துத் தேடினாள். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெறுமை மட்டும் இருந்தது.

"தெரியலை சலேத். சத்தியமா தெரியலை."

சலேத் அவள் முகத்தையே பார்த்தாள். "சண்டை போடணும்னுதான் வந்தேன். உங்க முகத்துல பொய்யே இல்லையே மேடம். இப்ப நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

அந்தக் கேள்வி நறுமுகைக்கு வலித்தது. எங்கே வலிக்கிறது என்றுதான் புரியவில்லை.

ஆலை திறந்த அன்று காலையில் பூமாலை போட்டு, தேங்காய் உடைத்து, எல்லா டேங்குகளையும் ஒவ்வொன்றாகத் தொடங்கினார்கள். மூன்றாம் டேங்கின் குழாய் வழியில் மட்டும் சிவப்புப் பூட்டு ஒன்று தொங்கியது. ஆபத்தான இடத்தைப் பூட்டியவர் யாரோ அவர்தான் திறக்க வேண்டும், எம்.டி.யே ஆனாலும் வேறு யாரும் தொடக்கூடாது என்பது எல்லா ஆலைகளிலும் உள்ள வழக்கம். ஏன் பூட்டினோம் என்பது பூட்டியவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் வந்த வழக்கம்.

பூட்டில் தொங்கிய அட்டையில் நறுமுகையின் பெயர் இருந்தது. காரணம் எழுத வேண்டிய இடம் காலி. எதையும் எழுதாதீர்கள் என்று சொல்லிவைத்தது பிரபுதாஸ்தான். அதுவும் இப்போது அவருக்கு நினைவில்லை.

"எதுக்கும்மா பூட்டினே?" என்றார் தியாகேசன். ஒரு கள்ளமும் இல்லாமல்தான் கேட்டார்.

"கசிவுக்கு அப்புறம் வழக்கமா போடற பூட்டா இருக்கும் சார்."

"நான் போட்டதா இருந்தா திறக்கவே மாட்டேன் மேடம்," என்றான் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஆப்பரேட்டர் சுடலைமுத்து. "என்ன ஏதுன்னு தெரியாம எப்படி?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. தெரிந்திருந்த அத்தனை பேரும் ஒத்திகைக்குப் போய் வந்தவர்கள்.

பிரபுதாஸ்தான் வழி சொன்னார். பையிலிருந்து தயக்கமானியை எடுத்து நறுமுகையின் முன்னால் வைத்தார். "சட்டமன்றமே நம்பின கருவி. இதுக்கு மேல என்ன சார் வேணும்?"

தியாகேசனுக்கு அது நியாயமாகப் பட்டது. "மூணாம் டேங்க் பத்திரமா இருக்காம்மா?"

நறுமுகை பேனலைப் பார்த்தாள். வால்வு முழுதாக மூடியிருப்பதாகக் காட்டியது.

"பத்திரமா இருக்கு சார்."

விளக்கு பச்சையாக எரிந்தது. சுடலைமுத்து வாயை மூடிக்கொண்டான். துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நறுமுகை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பூட்டில் சாவியைப் போட்டுத் திருப்பினாள்.