மத்லேனுக்கு ஒதுக்கிய அறைகள்

உப்பு ஜாடி ஜன்னலில் இருந்தது. அல்லி அதை அடுப்பு மேடையில்தான் வைத்திருந்தாள்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். நிஜ ஜாடி மேடையிலேயே இருந்தது. இடம் மாறியிருந்தது மனசுக்குள் இருந்த ஜாடி. அதற்குள் அவள் சைகோனை வைத்திருந்தாள். கடல், கப்பல், உப்பு. மத்லேன் பிறந்த ஊர் சைகோன். அதே மனசு வீட்டில், அடுப்பின் முன்னால் மத்லேனின் அம்மா ஜெனேவியேவ் குனிந்து நெருப்பு ஊதினாள். வாசல் நிலையில் அப்பா மொரீஸ் சிப்பாய் உடுப்பில் நின்றார். கூடத்துக் கடிகாரத்தில் கல்யாணத் தேதி தொங்கியது. கண்ணை மூடி வீட்டை ஒரு சுற்று சுற்றினால் மத்லேனின் வாழ்க்கை முழுவதும் கைக்கு வந்துவிடும்.

போலகத்தில் பள்ளிக்கூடம் படித்தபோது சரித்திரப் பாடத்தை அவள் இப்படித்தான் மனப்பாடம் செய்தாள். பரணில் ஒரு போர், உரலில் ஒரு உடன்படிக்கை. "எங்க வீட்டு அரிசிப் பானைல டெல்லி சுல்தான் இருந்தாருங்க" என்று கல்யாணமான புதிதில் புருசன் கஸ்தோனிடம் சொல்லிச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "எவ்வளவு சொன்னாலும் ஞாபகம் வச்சுக்குவியா?" என்று கேட்டான்.

மத்லேன் அவனுடைய முதல் மனைவி. பிரெஞ்சுக் குடியுரிமை அவளுக்குத்தான் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போன பிறகு அந்தக் குடியுரிமை யார் யாருக்கு வேண்டும் என்று கேட்டபோது மொரீஸ் கையெழுத்துப் போட்டார், கஸ்தோனின் அப்பா போடவில்லை. மனைவியின் தயவில்தான் கஸ்தோன் பிரான்சுக்குப் போக முடியும். அந்த மனைவி போன வருஷம் மஞ்சள்காமாலையில் இறந்துபோனாள். பெற்றவர்கள் இல்லை, கேட்க நாதியில்லை. சாவை எங்கும் பதியாமல், சிலுவையில் பெயர்கூட எழுதாமல் புதைத்துவிட்டு, அவளுடைய முகச்சாடையில் ஒருத்தியைத் தேடினார்கள்.

போலகம் பஸ் நிறுத்தத்தில் கஸ்தோன் கண்ணெடுக்காமல் பார்த்தபோது அல்லி அதை ஆசை என்று நினைத்தாள். அவன் அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

இப்போது அவள் வயிற்றில் பிள்ளை. அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுத் தூதரகத்தில் நேரில் கேள்வி கேட்பார்கள். மத்லேனாகப் பதில் சொல்லித் தேறினால் எல்லோரும் கப்பலேறலாம், பிள்ளையும் மத்லேனின் பிள்ளையாகப் பிறக்கும். "தேறலைன்னா உங்கம்மா வீட்டுக்குப் போயிடு" என்று கஸ்தோன் சொல்லியிருந்தான். கோபமில்லாமல், பஸ் நேரம் சொல்வதுபோல.

மத்தியானம் முழுவதும் ஐப்பசி மழை ஓட்டில் விழுந்து, வழிந்து, முற்றத்துத் தகரத் தொட்டியில் ஒரே சுருதியில் கொட்டிக்கொண்டிருக்க, நாத்தனார் ஐரேன் அரிவாள்மணையில் உட்கார்ந்து மீன் செதில் தேய்த்தபடியே பாடம் கேட்டாள். மீன் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை இருந்தது. கிளறிய ஈர மண்ணின் வாசனை. கண்ணை மூடும்போதுதான் வந்தது.

"மதாம், உங்க அம்மா பேரு?"

"ஜெனேவியேவ்."

"இழுக்காம சொல்லு. அங்க கேக்கப்போறவன் உன் மாமன் மகன் இல்ல. கல்யாணம் எப்ப?"

அல்லி மனசுக்குள் கூடத்துக்குப் போனாள். தேதியைச் சொன்னாள். கடிகாரத்துக்குப் பின்னால் ஏதோ மினுங்கியது. எடுத்துப் பார்த்தாள்.

"கோயில்லேர்ந்து வர்ற வழியில இடது காதுத் தோடு அரசலாத்துல விழுந்துடுச்சு. அழுதேன். நீங்கதான் அண்ணி, 'போனது தோடுதானே, புருசன் இல்லையே'ன்னு சிரிச்சீங்க."

ஐரேனின் கை நின்றது.

"கஸ்தோன் சொன்னானா?"

"யாரும் சொல்லல. அங்க இருந்துச்சு."

ஐரேன் செதில் ஒட்டிய விரல்களால் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு மீனைத் திருப்பிப் போட்டாள்.

"நல்லதுதான். இன்னும் ஏதாவது இருந்தா தேடிப் பாரு."

அல்லி தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அங்கே புதிதாக ஏதாவது இருந்தது. திண்டு திரும்பியிருந்தது, கொடியில் அவளுடையதல்லாத புடவை காய்ந்தது, ஜாடிகள் உயரவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. ஊருக்குப் போயிருந்த வீட்டுக்காரி திரும்பி வந்து, நடுவில் வந்தவள் வைத்ததையெல்லாம் முகம் சுளித்தபடி தன் இஷ்டத்துக்கு மாற்றி வைப்பதுபோல. பக்கத்து அறையில் வளையல் ஓசை. இவள் போனால் அது அடுத்த அறைக்குப் போகும்.

தன்னுடையவற்றை அல்லி பின்கட்டு அறையில் போட்டிருந்தாள். அப்பாவின் இருமல், போலகத்து வாய்க்கால், அம்மா லோகாம்பாள், தன் பெயர். அந்த அறைக்கதவு நாளுக்கு நாள் திறக்கச் சிரமமாகிக்கொண்டு வந்தது. ஒரு நாள், தான் பிறந்த மாதம் என்னவென்று யோசித்தாள். மத்லேனுடையது வந்தது. அப்பாவின் முகத்தை யோசித்தாள். சிப்பாய் உடுப்பு வந்தது.

கஸ்தோன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சொன்னாள். "ஏங்க, நான் இத விட்டுடுறேன். யாரோ இருக்காங்க."

"எங்க?"

"உள்ள."

அவன் அவள் தலையைத் தடவினான். கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு பிரியமாக அவன் தொட்டதில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்க, மத்லேன்."

"ம்" என்றாள் அல்லி. சொன்ன பிறகுதான் எந்தப் பெயருக்குப் பதில் சொன்னோம் என்று உறைத்தது.

பாண்டிச்சேரிக்குக் கிளம்பும் நாள் காலை. மழை விடவில்லை. ஐரேன் அவளுக்குப் பின்னலை அவிழ்த்துக் கொண்டை போட்டுவிட்டாள். அல்லி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை, கண்ணை மூடினாள். அம்மாவின் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். கப்பலேறினாலும் அது போதும்.

வாசல். கூடம். அடுப்படி. வளையல் ஓசை இல்லை. மண் வாசனை மட்டும்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது.

உள்ளே போனாள். இருட்டு. அம்மாவின் புகையிலை வாசனை. கை நீட்டினாள்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள். வெளியிலிருந்து.

கண்ணைத் திறக்கப் பார்த்தாள். கண் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அப்போது தெருப்பக்கம் ஒரு குரல். நினைவுக்குள் அல்ல. நிஜமாக. மழையில் நனைந்த குரல்.

"அல்லி... அம்மா வந்திருக்கேன். போறதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேண்டி."

கத்தினாள். கதவை இடித்தாள். ஓசை வரவில்லை. நாற்காலி நகர்ந்தது. காலடிகள். நிதானமாக. அவளுடைய காலடிகள். பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள். தன் முதுகு தெரிந்தது. தன் கழுத்து. கொண்டை.

"யாருங்க வேணும்?" என்றது தன் குரல்.

"என்னடி இது... அல்லி?"

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

மழை. குடையில்லாமல் நின்ற கிழவியின் கையிலிருந்த பை நழுவி, சேற்றில் முறுக்குகள் சிதறின.

பின்னாலிருந்து ஐரேன் மெல்லச் சொன்னாள். "தேறிட்டாடா, கஸ்தோன்."

தெருக்கதவு சாத்தப்பட்டது. அவள் திரும்பினாள். அல்லியின் முகத்தோடு, பின்கட்டுப் பக்கம், இடுக்கில் இருந்த கண்ணை நேராகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வயிற்றின் மேல் கையை வைத்தாள். மெதுவாகத் தடவினாள். நகக்கண் எல்லாம் மண்.